எறும்பு தீண்டாத பால்கோவா

அத்தியாயம் மூன்று

ஜெய்னுலாப்தீனுக்கு எலியைப் பிடிக்காது. எலி வளர்க்கிறவர்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அந்தப் பங்குனி வெயிலில், கரண்டு போன ராஜபாளையத்தில், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த இடம் அந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுதான். எலிகளுக்கு வேர்க்கக் கூடாது என்று பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"எலியாப் பொறந்திருக்கலாம் பாய்," என்றான் வேல்சாமி, விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

"பொறந்திருந்தா உன் மூச்சுக்குழல்ல மருந்தை விட்டு, பொறவு நெஞ்சை அறுத்துப் பாத்திருப்பாக."

"அறுக்கிற வரைக்கும் காத்து வருமுல்ல."

ஜெய்னுலாப்தீன் கூண்டுகளை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். போலீஸில் பல வருஷம் கால் தேய நடந்துவிட்டு, பேண்டேஜ் துணிக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகை மாட்டி உட்கார்ந்தவர் அவர். முழங்கால் வலி, தூக்கமின்மை, வேல்சாமி ஆகிய மூன்றும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. வேல்சாமிக்கு முப்பது வயது. நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களை வாரி வந்து படிப்பான். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் பாதி நேரம் குடியிருந்துவிட்டு, மீதி நேரம் இவருக்கு வேலை பார்ப்பான்.

டாக்டர் சுடலைமாடத்தி எலிக்கூண்டு வரிசைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரைக் கேட்டவர்கள் கோயில் கொடையில் சாமியாடுகிற அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். மருந்தியலில் பட்டம் வாங்கிவிட்டு, மில் முதலாளி ஒருவர் ஒதுக்கிக் கொடுத்த பழைய பஞ்சுக் கிட்டங்கியைக் கூடமாக்கி, நாலு வருஷமாக ஒரே ஒரு மருந்தின் பின்னால் போய்க்கொண்டிருப்பவர். நேற்றும் அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த விஷயத்தில் ஜெய்னுலாப்தீனுக்கு அவரைப் பார்த்ததும் ஒரு சொந்தம் தோன்றியது.

"புண்ணு ஆறினா தழும்பு விழும். அது நல்லதுதான் பாய்," என்றார் டாக்டர். "ஆனா நுரையீரலுக்குத் தழும்பு போடத் தெரியும், நிறுத்தத் தெரியாது. போட்டுக்கிட்டே போகும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நெஞ்சு காய்ஞ்ச பீர்க்கங்கூடு மாதிரி ஆயிரும். அதுகிட்டப் போய், போதும் நிறுத்துன்னு சொல்ற மருந்தைத்தான் நாங்க தேடுறோம்."

"கிடைச்சுதா?"

"போன சோதனையில கிடைச்ச மாதிரி இருந்துச்சு. மருந்து தின்ன எலிக்குத் தழும்பு பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. ரெண்டு மாசமா நடக்குற இந்தச் சோதனையில மருந்து தின்ன வரிசைக்கும், தின்னாத வரிசைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலாளி மூடிருவோம்ங்கிறாரு. எலி பொய் சொல்லாது பாய். நடுவுல எந்த மனுஷன் பொய் சொல்லியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மருந்து கொடுக்கும் விதத்தை அவர் விளக்கினார். வேப்பங்கொட்டை தோற்றுப்போகும் கசப்பு. சும்மா வைத்தால் எலி முகர்ந்தும் பார்க்காது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீனி குறைத்துக் கிண்டிய பால்கோவா வரும். திங்கட்கிழமை தோறும் டாக்டரே தன் கையால் பாதியில் மருந்தைக் கலந்து, கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி, சிவப்பு நூல் கட்டிய தட்டில் வைப்பார். மருந்தில்லாத உருண்டைகள் வெள்ளை நூல் தட்டில். பால்கோவா வாங்கி வருவது ஹமீது. எலிகளுக்கு ஊட்டுவது வெள்ளத்தாய். அலமாரிச் சாவி இவர்கள் இரண்டு பேரிடமும் உண்டு.

"ரெண்டு பேரும் எங்க?"

"ஹமீது தீனி வாங்கப் போயிருக்கான். வெள்ளத்தாய்க்கு சனிக்கிழமை லீவு."

"ஹமீதுதான்," என்றான் வேல்சாமி. "தீனி வாங்கப் போனவன் மேல எனக்கு எப்பவுமே ஒரு இது உண்டு."

ஜெய்னுலாப்தீன் அலமாரியைத் திறந்தார். இரண்டு எவர்சில்வர் தட்டுகள். இரண்டும் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. அவர் வீட்டில் நோன்புப் பெருநாளைக்குப் பலகாரம் வந்தால் அவர் மனைவியும் இப்படித்தான் வைப்பாள். தாண்டிப் போகாதபடி எறும்புக்கு ஒரு அகழி. அவர் கதவைச் சாத்தப் போனார். சாத்தாமல் நின்றார்.

"டாக்டரம்மா, ரெண்டு தட்டுக்கும் தண்ணி வைக்கச் சொல்லியிருக்கீகளா?"

"இல்லையே. வெள்ளை நூலுக்கு மட்டும்தான். மருந்துத் தட்டை எறும்பு திரும்பியே பாக்காது. போன சோதனையில பூராவும் அது சும்மா வெறும் பலகையிலதான் இருந்துச்சு."

"இப்ப சிவப்பு நூலுக்கும் அகழி வெட்டியிருக்கே. எதுக்கு?"

டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். தினமும் பார்க்கிற அலமாரிதான். இனிப்புக்கு அடியில் தண்ணீர் இருந்தால் யார் கண்ணுக்கு உறுத்தும்? இல்லாவிட்டால்தான் உறுத்தும்.

"வாயில வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்," என்று வேல்சாமி கையை நீட்டினான்.

"வைக்கக் கூடாதுன்னு நானே எழுதி ஒட்டியிருக்கேன்," என்றார் டாக்டர்.

ஜெய்னுலாப்தீன் சிவப்பு நூல் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துத் தரையில், சுவர் ஓரமாக வைத்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

"என்ன பாய் செய்யுதோம்?"

"சாட்சி வரட்டும்."

"நான் படிக்கிற கதையில துப்பறியறவரு கோட்டைப் போட்டுக்கிட்டு பனியில காலடித் தடம் பாத்துப் போவாரு. நமக்கு வாச்சது எறும்பு."

சுவர் விரிசலில் முதலில் ஒன்று தலை நீட்டியது. உருண்டையைச் சுற்றி வந்தது. திரும்பிப் போய் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை உருண்டைக்கும், ஒரு வரிசை வீட்டுக்குமாக எறும்புகள் முறை வைத்துப் போய்வந்தன.

"இதுல மருந்து இல்லை," என்றார் ஜெய்னுலாப்தீன். "உங்க உருண்டையை எடுத்துட்டு அதே மாதிரி வெறும் உருண்டையை உருட்டி வச்சிருக்காங்க. வச்ச கைக்கு இது இனிப்புன்னு தெரியும். இனிப்புன்னா அடியில தண்ணி. கை தானா ஊத்திருச்சு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. நாலு வருஷ உழைப்பு தோற்கவில்லை. மருந்து எலிக்குப் போகவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த மலர்ச்சி நிற்கவில்லை. அவர் சிவப்பு நூல் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என் உருண்டை எங்க பாய்?"

"கெடுக்கணும்னு நினைச்சவனா இருந்தா சாக்கடையில கொட்டியிருப்பான்."

"கெடுக்கணும்னு நினைக்கலைன்னா?" என்றான் வேல்சாமி.

 டாக்டர்தான் சொன்னார். "போன சோதனை எலிகள்ல சிலதை அறுக்காம, மருந்தை நிறுத்தாமக் கொடுத்துப் பாத்தேன். போன வாரம்தான் முடிவு தெரிஞ்சுது. நெஞ்சு பஞ்சாயிருச்சு. ஈரல் செத்துப்போச்சு. முதல்ல கண்ணு மஞ்சளாகும். அங்கயே நிறுத்திட்டா ஈரல் தேறிருது. அதுக்கு மேலயும் தின்ன எலி ஒண்ணுகூடத் தேறலை. ஒரு வரிசை எலிக்கு உள்ள மருந்தை மொத்தமா ஒரு மனுஷன் தின்னா, எடைக்கு எடை எலி தின்ன அளவுக்கே அது வந்துரும். யாரோ ரெண்டு மாசமாத் திங்கிறாங்க பாய். யாருன்னு இன்னிக்கே தெரியணும்."

எலி கேஸ் மனுஷ கேஸ் ஆகிவிட்டது. ஜெய்னுலாப்தீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உருட்டி வைக்க வெறும் பால்கோவா வேணும். கலர் மாறக் கூடாதுன்னா உங்களுக்குக் கிண்டுற அதே சட்டியில வாங்கணும். வண்டியை எடு வேலு. ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம்."

*

ஆவுடையப்பனின் பால்கோவாக் கடை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு வெயில், உள்ளே இன்னொரு வெயில். ஆவுடையப்பன் துடுப்பை நிறுத்தாமலே பேசினார்.

"லேபுக்குப் போற சட்டியா? அது தனிச் சட்டி. சீனி அரைவாசிதான். அதை ஒரு மனுஷன் திம்பானா? எலி திங்கிறதுனால செய்யுதேன்."

"எலியைத் தவிர வேற யாரும் வாங்குறாகளா?"

"ஒரு பொம்பளை வருவா. திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கு. லேபு ஆளு வர்றதுக்கு முன்னாடியே வந்து நிப்பா. அந்தச் சட்டியில இருந்துதான் வேணும்னு கேப்பா. யாருக்கும்மான்னேன். வீட்டுக்காரருக்குன்னா. இருமல்காரருக்காம்."

வேல்சாமியின் முகம் தொங்கிப்போனது. ஹமீதை மனசுக்குள் அவன் ஏற்கெனவே ஜெயிலில் போட்டிருந்தான்.

"இருமலுக்குப் பால்கோவா ஆகாதும்மான்னு சொன்னேன்," என்றார் ஆவுடையப்பன். "நான் விக்கிறவன், நானே சொல்லுதேன். கேக்கலை."

"ஆளு எப்படி இருப்பாக?"

"ஒல்லியா இருப்பா. வெரல் பூரா துணி சுத்தியிருப்பா. என்னன்னு கேட்டதுக்கு எலி கடிச்சுதுன்னா. எலியைக் கையால பிடிக்கிற பொம்பளையை நான் இப்பத்தான் பாக்குதேன்."

ஜெய்னுலாப்தீன் கண்ணை மூடிக்கொண்டார். திருடனைக் கண்டுபிடித்தால் முன்பெல்லாம் உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு வரும். இப்போது வந்தது களைப்புதான். இருமல்கார வீட்டுக்காரர் ஒருவர் எங்கோ கட்டிலில் உட்கார்ந்து, மனைவி நீட்டுகிற கசப்பைக் கண்ணை மூடி விழுங்குவது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கண் இப்போது என்ன நிறத்தில் இருக்கும்?

"கால் கிலோ தரட்டுமா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒரு வாரத்துக்கு அதைப் பாக்கவே பிடிக்காது," என்றான் வேல்சாமி. பிறகு யோசித்து, "நூறு கிராம் போடுங்க," என்றான்.

*

கடைக்குள்ளிருந்தே லேபுக்குப் போன் போட்டு, வெள்ளத்தாய் வீடு சோழபுரத்தில் என்று தெரிந்துகொண்டார்கள். மறுபடியும் ராஜபாளையத்தைக் கடந்து தெற்கே போக வேண்டும்.

"செக்குமாடு நம்மளைவிட நாலு ஊரு கூடப் பாக்கும்," என்றான் வேல்சாமி, எதிர்காற்றில் கத்தி.

வெள்ளத்தாய் தெருக் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேரையும் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை.

"நான்தான் ஐயா எடுத்தேன்," என்றாள். "எங்க வரணும்?"

"எங்கயும் வர வேண்டாம். உங்க வீட்டுக்காரர் கண்ணு எப்படி இருக்கு? மஞ்சளா?"

அவளுக்குப் புரியவில்லை. ஜெய்னுலாப்தீன் சொல்லச் சொல்ல, குடம் நிரம்பி, வழிந்து, தண்ணீர் அவள் காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவள் குழாயை அடைக்கவில்லை.

"ஈரலா?" என்றாள். "டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலையே."

"அவகளுக்கே போன வாரம்தான் தெரியும்."

"போன சோதனையில ஒரு எலி ஐயா. ஓரமா ஒடுங்கிக் கெடந்து, விலா ஒட்ட ஒட்ட இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. இன்னிக்குப் போயிரும்னு நினைச்சேன். அந்த மருந்தைத் தின்ன பொறவு கம்பியைப் பிடிச்சு ஏறுது. எங்க வீட்டு ஆளு மில்லு புளோரூம்ல, தூசிக்குள்ள நின்னு பஞ்சு அடிச்ச ஆளு. கொல்லைக்கு எந்திரிச்சுப் போக மாட்டாம உக்காந்துருக்காரு. எலி ஏறுது, இவரு உக்காந்துருக்காரு. நான் என்ன செய்யட்டும்?"

ஜெய்னுலாப்தீன் குழாயை அடைத்தார். "இப்ப எப்படி இருக்காரு?"

"தேவலைங்கிறாரு. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்து போறாருல்ல. அங்கதான் இருப்பாரு, பழைய மில் ஆளுககூட."

பஸ் நிழற்குடையில் நாலு பேர் இருந்தார்கள். சிமெண்டு பெஞ்சியில் தோளோடு தோள் ஒட்டி, ஒரே சீராக மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து கேட்டால் ஒரு பழைய துருத்தி வேலை செய்வது போல இருந்தது. நடுவில் இருந்தவர் கருத்தப்பாண்டி. ஜெய்னுலாப்தீன் நேரே போய் அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

கண் வெள்ளையாக இருந்தது.

"என்ன பாய்," என்றார் கருத்தப்பாண்டி, மூச்சுக்கு நடுவில். "பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குதீக."

"உங்க வீட்டம்மா கொடுத்த கசப்பு உருண்டையைத் தின்னீகளா, இல்லையா?"

அவர் வெள்ளத்தாயைப் பார்த்தார். அவள் ஈரக் காலோடு பின்னாலேயே ஓடி வந்து நின்றிருந்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அதற்கும் மூச்சு போதாது என்று விட்டுவிட்டார் போல.

"முழுசாத் திங்கலை. எங்க செட்டுல அஞ்சு பேரு. புளோரூம்ல ஷிப்டு முடியுதப்ப தொண்டைத் தூசி எறங்கட்டும்னு மேஸ்திரி கருப்பட்டி தருவாரு. செட்டுக்கு ஒரு கட்டி. நூலை வச்சு அஞ்சா அறுப்போம். எவனுக்காவது வீட்டுல இருந்து வடை வந்தாலும் அஞ்சு. இதையும் அப்படித்தான்."

"உமக்குன்னு கொண்டாந்தேன்," என்றாள் வெள்ளத்தாய். "ரெண்டு மாசமா, உமக்குன்னு."

"தூசி எல்லாரு நெஞ்சுலயும்தான விழுந்துச்சு, ஏட்டி. எனக்கு மட்டும் எப்படித் தொண்டையில எறங்கும்?"

வேல்சாமி பெரிதாக மூச்சு விட்டான். "அஞ்சாப் பிரிச்சா ஒரு ஈரலுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது பாய். கேஸ் முடிஞ்சுது. தேவலைன்னு இவரு சொன்னதும், முக்கி முக்கி இம்புட்டுத் தூரம் நடந்ததும் வீட்டம்மா மனசுக்காக."

ஜெய்னுலாப்தீன் மற்ற மூன்று பேர் கண்ணையும் பார்த்தார். வெள்ளை. பெஞ்சியில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"அஞ்சாவது ஆளு யாரு?"

"தங்கச்சாமி," என்றார் கருத்தப்பாண்டி. "எங்க அஞ்சு பேருலயும் ரொம்ப முடியாதவன். படுக்கவே மாட்டான். படுத்தா மூச்சு நின்னுரும்னு ராத்திரி பூரா உக்காந்தே இருப்பான். அதனால..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அதனால?"

"என் பங்கை நான் திங்கலை. பொறவு தின்னுக்கிடுதேன்னு மடிச்சு வச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போற வழியில அவன்கிட்டக் கொடுத்துருவேன். இவனுகளுக்குத் தெரியாது."

ஓரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நீயுமா?"

"என்ன, நீயுமாங்கிற?"

"நானும் அவன்கிட்டத்தான் கொடுக்கேன்."

மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாலு பேரும் நாலு சந்து வழியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், தினமும் ஒரே வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் சொல்லவில்லை. வாங்கியவரும் ஒருவர் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்லவில்லை.

ஒரு வரிசை எலிக்கான மருந்து முழுதும் ஒரே மனுஷனுக்குள் போயிருக்கிறது.

ஜெய்னுலாப்தீன் பெஞ்சியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். 

"அவர் கண்ணு?"

"மஞ்சளாத்தான் இருக்கு," என்றார் ஓரத்தில் இருந்தவர். "காமாலைன்னு மக கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கா. ஆனா மூச்சு பாய், மூச்சு அப்படி ஓடுது. மல்லாந்து படுத்துத் தூங்குதான். மூச்சு வந்தா நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை ஏறி வாரேன்னு பெருமாளுக்கு நேர்ந்திருந்தான். அதுக்குத்தான் இன்னிக்குப் போயிருக்கான். மலை ஏறுத ஆளாச்சேன்னு நேத்தே நான் இன்னிக்குப் பங்கோட நாளைப் பங்கையும் சேத்துக் கொடுத்துவிட்டேன்."

"நானும்தான்," என்றார் கருத்தப்பாண்டி, மிகவும் மெதுவாக.

மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேற்கே, வயலுக்கு நடுவில் எழுந்து நிற்கிற சின்ன மலை அது. புரட்டாசியில் கூட்டம் நெரியும். பங்குனியின் பிற்பகலில் ஒரு ஈ காக்கை இல்லை. அடிவாரத்துத் தேங்காய்க் கடைக்காரர் கடைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். போகிற வழியில் லேபுக்குப் போன் போட்டாயிற்று. டாக்டர் ஈரல் மருத்துவர் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலை ஏற வேண்டியவர் ஜெய்னுலாப்தீன்.

"நீங்க இருங்க பாய், நான் ஓடிப் பாத்துட்டு வாரேன்," என்றான் வேல்சாமி.

"நீ போனா வேடிக்கை பேசுவே. நானும் வாரேன்."

படி சூடாக இருந்தது. முதல் வளைவில் முழங்கால் பேசத் தொடங்கியது. இரண்டாவதில் கத்தியது. அடுத்த வளைவில் முழங்காலை மறந்துவிட்டார். நெஞ்சில் காற்று போதவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றபோது, நிழற்குடையில் கேட்ட அந்தத் துருத்திச் சத்தம் தன் வாயிலிருந்தே வருவது அவருக்குக் கேட்டது. இவ்வளவு நேரத்துக்குள் அந்த ஆள் மேலே போய், சாமி கும்பிட்டு, பொட்டலத்தைப் பிரித்து, எட்டுப் பங்கையும் ஒன்றாக வாயில் போட்டிருப்பான். நினைக்க நினைக்கக் கால் ஓடப் பார்த்தது. ஓடவில்லை. ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடிந்தது.

உச்சியில் நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே, கல்தூணில் சாய்ந்து, வேட்டி கட்டிய ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. மஞ்சள் அரைத்துப் பூசியது போன்ற கண்கள். மடியில் நாலு சின்னப் பொட்டலங்கள். ஒன்று செய்தித்தாளில், ஒன்று வாழை இலைச் சருகில், ஒன்று பிளாஸ்டிக் பையில், ஒன்று பழைய காலண்டர் தாளில். எதையும் இன்னும் பிரிக்கவில்லை.

ஜெய்னுலாப்தீன் பேச முயன்றார். காற்றுதான் வந்தது.

"செத்த நேரம் உக்காருங்க பாய்," என்றார் தங்கச்சாமி, நிதானமான, இடைவெளி இல்லாத குரலில். "இந்த வயசுல இப்படி அவசரமா ஏறக் கூடாது. மூச்சு வாங்கட்டும்."

தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜெய்னுலாப்தீன் வாங்கிக் குடித்தார். வேல்சாமி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதை ஏன் இன்னும் திங்கலை?" என்று பொட்டலத்தைக் காட்டிக் கேட்டான்.

"நேர்த்திக்கு வந்திருக்கேன். சாமியைப் பாக்காம வாயில ஒண்ணும் போடக் கூடாது. நடை தொறக்கட்டும்னு இருக்கேன்."

ஜெய்னுலாப்தீனுக்கு மூச்சு திரும்பியது. அவர் எதையும் மறைக்கவில்லை. எலியைச் சொன்னார், ஈரலைச் சொன்னார், கண்ணைச் சொன்னார். இதற்கு மேல் ஒரு உருண்டை உள்ளே போனாலும் திரும்ப வழி இல்லாமல் போகலாம் என்றார். தங்கச்சாமி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஈரல் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது பாய். நெஞ்சு எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியும். அதுதான் ஒவ்வொரு நிமிஷமும் நான் இங்க இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் செத்த நேரமா அதை மறந்துருக்கேன்."

கீழே வயல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு பஸ் சத்தமில்லாமல் ஊர்ந்து போனது.

"இதை விட்டுட்டா நெஞ்சு பழையபடி ஆயிருமா?"

"தெரியலை. டாக்டரம்மாவுக்கும் தெரியலை."

"ஈரலைத் தொடாத மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?"

"அதைத்தான் அவக தேடிக்கிட்டு இருக்காக. எந்த அளவு நெஞ்சுக்கு ஆகும், எந்த அளவு ஈரலுக்கு ஆகாதுன்னு எலிக்குக் கொடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தாக. நீங்க தின்னது அந்த எலிகளுக்கு உள்ளது."

தங்கச்சாமி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. "எலி பங்கையும் சேத்துத்தான் தின்னுருக்கேனா?" பிறகு சிரிப்பு போய்விட்டது. "கருத்தப்பாண்டி என்ன செய்யுதான்?"

"நிழற்குடையில இருக்காரு. நாலு பேரும் இருக்காக."

"அவனுக திங்கவே இல்லை, இல்லையா? ஒவ்வொருத்தனும் தனித்தனியா வந்து, எனக்கு வயித்துக்குச் சேரலைன்னு சொல்லிக் கொடுத்தானுக. எல்லாருக்குமா வயிறு கெட்டுப்போகும்னு யோசிச்சேன். யோசிச்சும் தின்னேன்." மடியில் இருந்த பொட்டலங்களைத் தடவிக்கொண்டார். "எலிக்கு இதைக் கொடுத்து அளவு கண்டுபிடிச்சுட்டா, பொறவு அவனுகளுக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்ல ஜெய்னுலாப்தீனுக்கு ஆசையாக இருந்தது. சொல்வது சுலபம். சொன்னால் வேலையும் முடியும். "கிடைக்கலாம்," என்றார். "நாள் ஆகும். கிடைக்காமலும் போகலாம்."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு இரண்டாகப் பிரிந்து, குளிர்ந்த இருட்டும் துளசி வாசமும் வெளியே வந்தன. தங்கச்சாமி எழுந்தார். தூணைப் பிடிக்காமல், ஒரே மூச்சில் எழுந்தார். பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஜெய்னுலாப்தீனின் உள்ளங்கையில் வைத்தார். செய்தித்தாள், வாழைச் சருகு, பிளாஸ்டிக், காலண்டர் தாள். வைத்துவிட்டு, கடைசியாக வைத்ததன் மேலிருந்து விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"கும்பிட்டுட்டு வாரேன். நீங்க முன்னால போறதுன்னா போங்க."

"இருக்கோம். சேந்தே எறங்குவோம். கீழ டாக்டரம்மா கார் வருது."

"ஏறத்தான் பாய் மூச்சு வேணும்," என்றார் தங்கச்சாமி. "எறங்குறதுக்கு அம்புட்டு வேண்டாம்."

வாசற்படியில் நின்று, நெஞ்சு நிறைய ஒரு தடவை இழுத்தார். இழுத்ததை விடாமல் செத்த நேரம் உள்ளேயே வைத்திருந்தார். பிறகு விட்டுவிட்டு உள்ளே போனார்.